பூந்தியின் கறுப்புக் குட்டிகள்

நவம்பர் 8, சனி

இது என் நாய் பூந்திக்கான நோட்டு. சேர்க்கை, எடை, சாப்பாடு, பிரசவம் எல்லாம் இதில் வரும். என் புலம்பலுக்கு இங்கே இடமில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். எத்தனை நாள் தாங்கும், பார்க்கலாம்.

இன்று பூந்தியைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போனேன். நாய் வளர்க்கிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைத்தான் ஆண் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இடம் மாறினால் ஆண் நாய்க்குக் கூச்சம் வந்துவிடுமாம். பெண்ணுக்கு வந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. இன்னொரு வழக்கம், ஆண் நாயின் சொந்தக்காரர் கூலி வாங்கவில்லை என்றால் குட்டிகளில் முதல் தேர்வு அவருக்கு. பொள்ளாச்சியில் கென்னல், அதாவது நாய்ப் பண்ணை, வைத்திருக்கும் மோகன்ராஜ் கூலி வேண்டாம், குட்டி போதும் என்றுவிட்டார்.

அவருடைய சுல்தான் பட்டம் வாங்கிய லாப்ரடார். பூந்தியைப் போலவே இளமஞ்சள். நாங்கள் அதை ஃபான் என்போம். சுல்தானுக்கு எட்டு வயது ஆகப்போகிறது, கொஞ்சம் பிகு செய்தான். நான் பூந்தியின் தலையைப் பிடித்துக்கொண்டேன், மோகன்ராஜ் அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் முயற்சியில் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரம்தான். திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 10, திங்கள்

அப்பா காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு லுங்கியோடு போகிற மனிதர். நாய்ச் சேர்க்கைக்கு வெள்ளை வேட்டி எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் கண்ணு என்றார். பொள்ளாச்சி போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. மோகன்ராஜின் அம்மா ருக்மணியம்மா ஹாலில் ஜாதகத்தோடு காத்திருந்தார். இவர்கள் எல்லாரும் ஒரு வாரமாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கும் பூந்திக்கும் மட்டும் சொல்லவில்லை.

கோபம் வந்தது. அரைமணி நேரம் இருந்தது. அப்புறம் போய்விட்டது. எழுதினால் என்ன, இது என் நோட்டு. மோகன்ராஜை எனக்குப் பிடிக்கும். முப்பத்து நாலு வயதில், என்னைப் பார்க்க வந்தவர்களில், என் சுடிதாரில் ஒட்டியிருக்கும் முடியைப் பார்த்து மூக்கைச் சுளிக்காத ஒரே ஆள் அவர்தான்.

ருக்மணியம்மா பணியாரம் கொடுத்தார். தங்கள் பக்கம் எல்லாரும் நல்ல சிவப்பு என்றும், பெண் கொஞ்சம் மாநிறம்தான் என்றும், மோகன் அதையெல்லாம் பார்க்க மாட்டான் என்றும் சொன்னார். மாநிறம் என்பது வருங்கால மாமியார்கள் கறுப்புக்கு வைத்த பெயர். பணியாரம் நன்றாக இருந்தது.

இந்தக் கூத்தில் இரண்டாவது சேர்க்கையை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. மோகன்ராஜ் பூந்தியைப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். நடுவில் நாய்கள் கத்தின. எழுந்து ஓடினார். வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் வேர்த்துத் திரும்பி வந்தார். "ஆச்சுங்க. நல்லா லாக் ஆயிருச்சு" என்றார். சேர்ந்த நாய்கள் கொஞ்ச நேரம் பிரிய முடியாமல் ஒட்டி நிற்பதைத்தான் லாக் என்போம்.

கிளம்பும்போது சுல்தானைப் பார்த்தேன். கூண்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான், மூச்சு கூட வாங்கவில்லை. சாம்பியன் என்றால் இப்படித்தான் அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அடுத்த கூண்டில் அவருடைய இன்னொரு லாப்ரடார், கறுப்பன் டைசன், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தான்.

நவம்பர் 12, புதன்

திருப்பூரில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. பூந்தியை அப்பா பார்த்துக்கொண்டார். போகும்போது வீட்டுப் பின்பக்கப் பொடக்காளிக் கதவை நானே பூட்டி, இழுத்தும் பார்த்தேன். பூந்தியின் ஹீட் பருவம் முடிகிற வரைக்கும் தெருவிலிருந்து ஒரு நாய்ப் பயலும் உள்ளே வரக்கூடாது. வளைகாப்பில் எல்லாரும் அடுத்தது உனக்குத்தான் என்றார்கள். முதல்முறையாக எனக்கு எரிச்சல் வரவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஸ்கேன். குட்டி நிற்கிறது. குறைந்தது ஆறு என்றார் டாக்டர். மோகன்ராஜுக்கு உடனே போன் செய்தேன். நாய் பற்றி இரண்டு நிமிடம், மற்றது பற்றி நாற்பது நிமிடம்.

தை பிறந்ததும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கலாம் என்று ருக்மணியம்மா சொல்லியிருக்கிறாராம். அப்பா கடையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஃபான் குட்டிக்கு ஐந்து பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சுல்தான் குட்டிதான் வேண்டும். கறுப்பு வந்தால் வேண்டாம் என்று ஒரு அம்மா இரண்டு முறை சொன்னார். வராது என்றேன். அப்பன் ஃபான், ஆத்தாள் ஃபான் என்றால் குட்டி அத்தனையும் ஃபான்தான். கறுப்பு நாய்க்குள் ஃபான் ஒளிந்துகொண்டு இருக்கலாம். அதனால் கறுப்பும் கறுப்பும் சேர்ந்து ஃபான் குட்டி போடும். ஆனால் ஃபானுக்குள் கறுப்பு ஒளிய முடியாது. கறுப்பு ஒரு பங்கு இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும். ஒளிய வராத நிறம் அது.

அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நல்லதுங்க, அப்ப செவப்பா பாத்து ஒண்ணு எடுத்து வையுங்க என்றார்.

ஜனவரி 10, சனி

மத்தியானம் ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் ஏழு. எல்லாம் உயிரோடு, பூந்தியும் நலம்.

முதல் மூன்று ஃபான். நாலாவது வந்ததும் ஈரத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கறுப்பு. ஏழாவதும் அப்படியே. அப்பா வெந்நீர்ப் போசியோடு நின்றுகொண்டிருந்தார். நல்லா இருக்குதல்ல கண்ணு என்றார். நல்லாத்தான் இருக்கிறது. பெண் ஒன்று, ஆண் ஒன்று, கரி மாதிரி.

மோகன்ராஜுக்குப் போன் செய்து ஐந்து ஃபான், இரண்டு கறுப்பு என்றேன். எத்தனை கறுப்பு என்று திரும்பக் கேட்டார். லைன் சரியில்லை என்று நினைத்து இரண்டு, இரண்டு என்று கத்தினேன்.

"அப்ப உங்கூட்டுல எப்பவோ கதவைத் தெறந்து விட்டுட்டீங்க" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு ஈற்றில் இரண்டு அப்பன் இருக்கலாம். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு நாயோடு சேர்ந்தால் இரண்டு பேர் குட்டியும் ஒரே வயிற்றில் வளரும். அதனால் மோகன்ராஜ் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஃபான் ஐந்தும் சுல்தானுடையது. கறுப்பு இரண்டும் எவனோ தெருக்காரனுடையது. சுல்தான் பெயரில் ஐந்து குட்டிக்கும் சான்றிதழ் வாங்கிவிடலாம், கறுப்பை யார் கண்ணிலும் படாமல் தோட்டத்துக்காரர் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜமாம்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பே இல்லை. யோசிக்காமல் இருக்கும்போதுதான் உறுத்துகிறது.

கதவை நான் பூட்டினேன். எனக்குத் தெரியும். ஆனால் வளைகாப்புக்குப் போன புதன்கிழமை நான் வீட்டில் இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

அப்பாவிடம் கேட்டேன். கதவு பூட்டித்தான் இருந்தது என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கியது, குட்டிகள் எடை ஏறுகின்றன. நிம்மதியாக உட்கார முடியவில்லை. குட்டிப் பெட்டியை மூன்று முறை கழுவினேன். பூந்தி என்னைப் பார்த்த பார்வையில், போய் உன் வேலையைப் பார் என்று எழுதியிருந்தது.

அப்பாவிடம் மறுபடி கேட்டேன். நீங்கள் தூங்கியிருக்கலாம், பால்காரர் திறந்திருக்கலாம், கேஸ் சிலிண்டர்காரர் வந்திருக்கலாம். அப்பா வாயில் கரும்போடு இல்லை இல்லை என்று தலையாட்டினார். நல்ல நாள் அதுவுமாக இப்படிப் போலீஸ்காரி மாதிரி நிற்க வேண்டுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

ஜனவரி 24, சனி

குட்டிகள் கண் திறந்துவிட்டன.

மோகன்ராஜ் இன்னும் பார்க்க வரவில்லை. தோப்பில் தேங்காய் வெட்டாம். போனில் மட்டும் வருகிறார். கன்னத்தில் பஞ்சை உருட்டி அனுப்பினால் அப்பன் யாரென்று சொல்லும் பரிசோதனை இருக்கிறதே, சுல்தானுக்கும் பஞ்சு எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். சிரித்தார்.

"நமக்குள்ள என்னங்க டெஸ்ட்டு?" என்றார்.

அந்த ‘நமக்குள்ள’வை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட்டைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

கறுப்புக் குட்டிகளைத் தினமும் மேசையில் நிறுத்திப் பார்க்கிறேன். நாட்டு நாய் இரத்தம் என்றால் இந்நேரம் எங்காவது காட்டிக்கொடுக்க வேண்டும். மூஞ்சி கூராக வேண்டும், கால் நீள வேண்டும், வால் மேலே சுருள வேண்டும். சுருண்டுவிடு சாமி என்று வாலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடியில் பருத்து நுனியில் மெலிந்து, நேராக, நல்ல லாப்ரடார் வாலாக நிற்கிறது.

பத்து வருடமாக நாய் வளர்க்கிறேன். நல்ல குட்டியாக வரட்டும் என்றுதான் எல்லா ஈற்றுக்கும் வேண்டியிருக்கிறேன். ஒரு குட்டி கேடாக வளர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. பாவம், அது என் விரலைச் சப்பிக்கொண்டு நிற்கிறது.

பிப்ரவரி 4, புதன்

இன்று அப்பாவிடம் கத்திவிட்டேன். உங்களால்தான் எனக்கு வருகிற ஒரு நல்லதும் கெட்டுப் போகப் போகிறது என்றேன். அம்மா இருந்திருந்தால் ஒரு கதவைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். அதை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நாந்தான் கண்ணு. குப்பை கொட்டப் போனப்ப கதவைத் தெறந்து போட்டுட்டேன். அந்தக் கருவாயன் உள்ள வந்துட்டான். உங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

கருவாயன் எங்கள் தெருமுனையில் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பு நாய். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் இல்லை. அப்படியே மனசு லேசாகிவிட்டது. அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. உடனே மோகன்ராஜுக்குப் போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பரவாயில்லை, வயசானவர், விடுங்க என்றார். எவ்வளவு பெருந்தன்மை.

பிப்ரவரி 5, வியாழன்

நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 7, சனி

டீக்கடையில் பன் வாங்கப் போனேன். கருவாயன் வெயிலில் படுத்திருந்தான். இடது காது நுனி வெட்டியிருக்கிறது. கருத்தடை செய்த தெருநாய்க்கு அப்படித்தான் அடையாளம் வைத்து விடுவார்கள். வண்டி வந்து அவனைப் பிடித்துப் போனதும் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

எப்போதாவது ஒன்றிரண்டு சரியாகச் செய்யாமலும் விடுவார்கள் என்று கேள்வி. அப்படியும் நடக்கும். நடக்காது என்று யார் சொல்ல முடியும்?

பன் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மோகன்ராஜும் ருக்மணியம்மாவும் வருகிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பார்கள், அப்படியே முதல் குட்டியையும் எடுத்துக்கொள்வார். கறுப்பு இரண்டையும் அன்றைக்கு எங்காவது விட்டுவிடுங்கள், அம்மா சகுனம் பார்ப்பார் என்று மோகன்ராஜ் சொன்னார். சரி என்றேன். டீக்கடைக்காரர் வீட்டில் விடுவதாக ஏற்பாடு.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று அப்பா கேட்கிறார். கருவாயன் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அப்பா என் முகத்தையே பார்ப்பதில்லை. நானும்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதத் தோன்றும்.

கறுப்புக் குட்டிகளை டீக்கடைக்கு அனுப்பவில்லை. காலையில் கூடையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

ருக்மணியம்மா பூ, பழத்தட்டோடு வந்தார். பங்குனி வேண்டாம், சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அப்பா எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றார். கறுப்புக் குட்டிகள் ஹாலுக்குள் ஓடிவந்ததும் ருக்மணியம்மா காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டார். இதுதானா அந்தத் தெருநாய்க் கூத்து என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். பூட்டுப் போடக்கூட ஆள் இல்லாத வீடா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, எம்மேலதான் தப்புங்க என்றார். மோகன்ராஜ் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பொடக்காளிக்குப் போனோம். குட்டி தேர்வு. ஏழையும் விட்டேன். மோகன்ராஜுக்குக் கண் நல்ல கண், அதில் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஃபான் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். கறுப்புப் பெண் குட்டி அவர் செருப்பைக் கடித்தது. சும்மா தள்ளிவிடப் போனவர் நின்றுவிட்டார். தூக்கினார். உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்த்தார். தோளிலிருந்து முதுகு வழியாகக் கையை ஓட்டினார். தரையில் நிறுத்தி, வாலை நீட்டிப் பிடித்து, தள்ளி உட்கார்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. நகைக்கடையில் எதைக் காட்டினாலும் வேண்டாம் என்கிறவள் ஒன்றைக் கையில் எடுத்ததும் அப்படித்தான் ஆவாள்.

"இதை நான் எடுத்துக்கறேங்க. பாவம், கறுப்பு, தெருநாய்க் குட்டி. யாரும் வாங்க மாட்டாங்க. நம்ம கென்னல்லயே ஒரு மூலைல கெடக்கட்டும்."

ஆறு வாரமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. பட்டம் வாங்கிய நாய்கள் இருக்கிற கென்னலுக்குள் எவனும் தெருநாய்க் குட்டியை விட மாட்டான். முதல் தேர்வு கையில் இருக்கும்போது அதை ஒரு தெருநாய்க் குட்டிக்குச் செலவழிக்க மாட்டான். இரக்கப்படுகிறவன் பல் வரிசை பார்க்க மாட்டான். ஈற்றிலேயே சிறந்த குட்டி அது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யாருடைய குட்டி என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அன்றைக்கு ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தானே, அந்தக் கறுப்பன் டைசனுடையது.

குட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"மொதக் குட்டி சுல்தானுக்குத்தானுங்களே பேசினது?" என்றேன். "இந்த ஏழுல சுல்தான் குட்டி எதுன்னு நீங்களே காட்டுங்க. அதை எடுத்துட்டுப் போங்க."

அவர் குட்டிகளைப் பார்த்தார். ஃபான் ஐந்தையும் ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். டைசனுக்குள் ஃபான் ஒளிந்திருந்தால் ஐந்துமே டைசனுடையதாக இருக்கலாம். ஒன்றிரண்டு சுல்தானுடையதாகவும் இருக்கலாம். அவரால் காட்ட முடியவில்லை. ஒரு குட்டியைச் சும்மாவாவது காட்டியிருந்தால் நான் நம்பியிருப்பேனோ என்னவோ.

கடைசியில் சொல்லிவிட்டார். இரண்டாவது சேர்க்கை அன்றைக்குச் சுல்தான் எழுந்திருக்கவே இல்லையாம். நாங்கள் ஹாலில் பேசிக்கொண்டிருந்தபோது டைசன் தட்டியைத் தாண்டி வந்துவிட்டானாம். இவர் போய்ப் பார்ப்பதற்குள் லாக் ஆகிவிட்டதாம். பிரிக்க முடியாது, பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாராம். உள்ளே அவ்வளவு நல்ல பேச்சு நடந்துகொண்டிருந்தது, எப்படிச் சொல்வது என்றார்.

"கல்யாணத்துக்கு அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேங்க."

அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சத்தியமாகச் சிரித்திருப்பேன். காலத்துக்கும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருப்பேன். குட்டி பிறந்த அன்று சொல்லியிருந்தாலும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இதை அவரிடமும் சொன்னேன். அதற்கென்ன, இப்போதுதான் சொல்லிவிட்டேனே என்றார். எங்கப்பா உங்கம்மா முன்னால் தலையைக் குனிந்து நின்றபோது காபி ஆற்றிக்கொண்டிருந்தீர்களே என்றேன்.

ருக்மணியம்மா ஒரு நாய்க்காகவா, ஒரு நாய்க்காகவா என்று கார் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனார். நாய்க்காக இல்லை என்று ஒரு தடவை சொன்னேன். பழத்தட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு குட்டிக்குச் சொல்லி வைத்திருந்த ஐந்து வீட்டுக்கும் போன் செய்து, அப்பன் டைசனா சுல்தானா தெரியாது, சுல்தான் பெயரில் சான்றிதழ் கிடையாது என்று சொன்னேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தர் யோசிக்கிறேன் என்றார். செவப்பாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்ன அம்மா மட்டும், குட்டி தெம்பா இருக்குதுங்களா, அது போதும் என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மோகன்ராஜைப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியில் குட்டிகள் மூத்திரம் பெய்து வைத்திருந்தன, அவர் கவனிக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கதவு பூட்டித்தானே இருந்தது என்று கேட்டேன்.

"பூட்டித்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

அப்பா மடியில் ஏறிய குட்டியை இறக்கிவிட்டார்.

"நீ கேட்டுட்டே இருந்தியே கண்ணு. யாராச்சும் ஆமான்னு சொல்லோணுமல்லோ."